பொய்யில்லாத நினைவுமலர்

“அந்தப் படத்திலை வாற கவிஞங்கள் செய்த வேலையை நீங்களும் செய்யாதேங்கோ அண்ணை. பொய் எழுதாதேங்கோ.”

மகேந்திரராசா கண்ணாடிக்கு மேலால் நிமிர்ந்து பார்த்தார். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கலியாணக் கார்டும் பிறந்தநாள் பேனரும் அடிக்கிற கடை அவருடையது. ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது நினைவுமலர்தான். செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற அந்தப் புத்தகத்துக்கு, செத்தவரைப் புகழ்ந்து பாட்டு எழுத அவரை விட்டால் ஆளில்லை. ஊரையே ஏய்த்தவனும் அவர் கையில் அகப்பட்டால் நாலு பாட்டில் உத்தமனாகிவிடுவான்.

“என்ன படம்?”

“நான் கிளீனிங் செய்யிற தியேட்டரிலை ஓடுது. ஸ்டாலின்கிராட் மெத்ரோவுக்குப் பக்கத்திலை.”

ஸ்ரீபன் பதினொரு வருடமாக அந்தத் தியேட்டரைக் கூட்டித் துடைக்கிறவர். எந்தப் படத்தையும் துண்டு துண்டாகப் பார்த்தே முழுக்கதையும் சொல்லுவார்.

“இருநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலீசுக் கவிஞங்கள் கொஞ்சப் பேர். ஒரு பழைய பெரிய வீடு. மழை, இடி. இருந்து குடிச்சுக் குடிச்சு, முகமே தெரியாத செத்த ஆக்களைப் பற்றி உருகி உருகி எழுதுறாங்கள். செத்ததுகள் சுவருக்குள்ளாலை எழும்பி வருகுதுகள்.”

“வந்து?”

“‘நான் எப்ப அப்பிடி இருந்தனான்’ எண்டு கேட்டுப் பொய் வரியை வெட்டுதுகள். ஒரு வரி வெட்ட, எழுதினவன்ரை ஒரு விரல் கழண்டு விழுகுது. கடைசியிலை ஒருத்தனுக்கும் விரல் இல்லை. பேனையை வாயிலை கவ்விக்கொண்டு எழுதுறாங்கள்.”

“சீ, விசர்ப் படம். இதுக்கு வெள்ளைக்காரன் லைனிலை நிண்டு ரிக்கெட் எடுக்கிறான். செத்தவன் வந்து புரூப் பாக்கிறானாம். நான் முந்நூறு பேருக்கு எழுதினனான், ஒருத்தனும் வந்து குறை சொல்லேல்லை.” மகேந்திரராசா கணினியை இழுத்துக்கொண்டார். “சரி, செத்தவற்றை பேர்?”

“நாகேந்திரலிங்கம்.”

“உமக்கு என்ன முறை?”

“முறை ஒண்டுமில்லை. மார்க்ஸ் டோர்மோயிலை ஒரே அறை.”

“மரண நோட்டீஸ் ஒட்டினதைக் காணேல்லை?”

“ஒட்ட ஆக்கள் இல்லை.”

அதற்குமேல் விசாரிக்க மகேந்திரராசாவுக்குப் பொறுமை இல்லை. பாட்டெல்லாம் தயாராகவே கிடந்தது. பேரை மாற்றினால் போதும், இதற்குத்தான் சனம் அவரைப் புலவர் என்று கும்பிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“அள்ளிக் கொடுத்த கரமெங்கே, அன்பு வழிந்த முகமெங்கே...”

“வெட்டுங்கோ. ஆருக்கும் ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுக்காத ஆள்.”

“பெற்றவள் பாதம் மறவாப் பிள்ளாய்...”

“வெட்டுங்கோ. தாய் செத்ததுக்கும் போகேல்லை. லீவு தரமாட்டாங்கள் எண்டு ஊருக்குச் சொன்னவர். அந்தக் கிழமை லீவிலைதான் இருந்தவர்.”

“இல்லாளை இமைபோல் காத்தவனே...”

ஸ்ரீபன் சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை.

“காத்தவரோ? தில்லைநாயகி எண்டு ஒரு மனிசி ஊரிலை இருக்கிறா. கட்டின அஞ்சாம் மாசம் விட்டிட்டு வந்தவர். ‘விசா கிடைக்கேல்லை, கிடைச்ச உடனை கூப்பிடுறன்’ எண்டு முப்பது வருசமா ஒரே கதை. இவருக்கு நாலாம் வருசமே விசாக் கார்ட் கிடைச்சிட்டுது. அவவுக்கு மூச்சும் விடேல்லை.”

“ஏன், இஞ்சை வேறை மனிசியோ?”

“ஒரு மண்ணுமில்லை. தனிய இருந்து பழகிட்டுது, அவ்வளவுதான். அதை அப்பிடியே போடுங்கோ. விலாசம் தாறன், புத்தகம் அவவுக்குப் போகோணும். அந்த மனிசி இப்பவும் பிரெஞ்சுக்காரனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறா.”

மகேந்திரராசா நாற்காலியில் சாய்ந்தார்.

“நினைவுமலரிலை செத்தவனைத் திட்டினவன் எண்டு லா சப்பலே என்னைப் பாத்துச் சிரிக்கவோ? ஏலாது.”

“அப்ப நான் அடுத்த தெருக் கடைக்குப் போறன்.”

அடுத்த தெருவில் போன மாதம்தான் இதேமாதிரி ஒரு கடை திறந்திருந்தார்கள். அதைக் கேட்டதும் புலவரின் கொள்கை இறங்கிவிட்டது. பாட்டை அழித்துவிட்டு, ஸ்ரீபன் சொல்லச் சொல்ல வசனமாகத் தட்டினார். முகம் தெரியாத தில்லைநாயகி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பது கண்ணுக்குள் வந்தது. தட்டத் தட்ட அவருக்கே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உயிரோடை இருக்கேக்கை ஒரு போன் எடுத்து அந்தப் பொம்பிளையிட்டைச் சொல்லியிருக்கலாமே. இவனெல்லாம் ஒரு மனுசனோ? பயந்தாங்கொள்ளி.”

“ஓம். அதையும் போடுங்கோ.”

போட்டார். திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தார். முந்நூறு புத்தகம் அடித்தவருக்கு இதுதான் பொய்யில்லாத முதல் பக்கம்.

“சரி, எல்லாம் முடிஞ்சுது. அட்டைக்குச் செத்தவன்ரை படமும், செத்த திகதியும் தாரும்.”

ஸ்ரீபன் எழும்பிப் போய், கடை மூலையில் படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டு சேர்ட்டின் மேல் பொத்தானைப் போட்டார்.

“படத்தை இப்பவே எடுங்கோ அண்ணை, ஸ்ரீபன் எண்டது நான் இஞ்சை வந்த கள்ளப் பாஸ்போட்டிலை கிடந்த பேர். திகதிக்கு இடம் விடுங்கோ, ஆஸ்பத்திரியிலை இன்னும் ரெண்டு மாசம் எண்டு சொல்லியிருக்கினம்.”