ஐம்பதாவது ஆள்

"பத்து நிமிஷம் போதும்க்கா. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. பால் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"போன வாரமும் பத்து நிமிஷம்னு சொல்லிட்டுத்தான் போனே. காலர் இல்லாம இருபது சட்டை தேங்கி நின்னுச்சு. முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நான். போய் உட்காரு."

அந்தத் தையல் ஃபேக்டரியின் சூப்பர்வைசரம்மாவுக்கு எல்லோரும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் கடுகு. அவ்வளவு சீக்கிரம் வெடிப்பாள்.

காலர் தைக்கிறவள் மெஷினுக்குத் திரும்பினாள். குழந்தைக்கு ஐந்து மாதம். நெஞ்சில் பால் கட்டிக் கல்லாகி, மூன்று நாளாகக் காய்ச்சல். நூல் கோக்கப் போனால் ஊசிக்கண் இரண்டாகத் தெரிந்தது. "நேரத்துக்குக் குழந்தைக்குக் குடும்மா. வெறும் மாத்திரையால சரியாகாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த நேரத்துக்கு?

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்தவள். வயது எட்டு. அவள் பள்ளிக்கூடம் போய் இரண்டு மாதமாகிறது.

"பேசாம வேலையை விட்டுடலாம்னு இருக்குக்கா" என்றாள், பக்கத்து மெஷினில் பட்டன் வைக்கிறவளிடம்.

"விட்டுட்டு? நாலு பேரும் காத்தைக் குடிப்பீங்களா?"

"இங்கயே ஒரு ரூமு, ஒரு தொட்டில், பாத்துக்க ஒரு ஆயா... இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

"சட்டத்துல இருக்குடி. ஐம்பது பொம்பளைங்க வேலை செய்யற இடத்துல குழந்தைங்க காப்பகம் வச்சே ஆகணும். நாம எத்தனை பேரு தெரியுமா?"

"எத்தனை?"

"நாப்பத்தொம்பது. பதினோரு வருஷமா அதே நாப்பத்தொம்பதுதான். புதுசா ஒருத்தி உள்ள வந்தா, பழசு ஒருத்தி வெளிய போயிடுவா. போன வாரம் வேலை கேட்டு வந்த பொண்ணை கேட்லயே திருப்பி அனுப்பினது யாருங்கிறே? எல்லாம் நம்ம கடுகுதான்."

"அவங்களைச் சேத்தா ஐம்பதாச்சே. அவங்களும் பொம்பளைதானே?"

"அவங்க ஸ்டாஃப்டி. ஸ்டாஃபுன்னா பொம்பளைல சேத்தி இல்ல."

பட்டன்காரி சிரித்தாள். காலர்க்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் தொழிலாளர் ஆபீசர் சோதனைக்கு வந்தார். முதலாளி கூடவே நடந்தார். ஆபீசர் பேனா முனையால் தலைகளை எண்ணிக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் நின்று நோட்டில் எழுதினார்.

"நாப்பத்தொம்பது. காப்பகம் தேவையில்லை."

எப்படி எழுந்தாள் என்று காலர்க்காரிக்கே தெரியாது. நனைந்த ரவிக்கையை மறைத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"உட்காருடி" என்று பல்லைக் கடித்தாள் கடுகு.

உட்காரவில்லை.

"சார், எனக்குக் கைக்குழந்தை இருக்கு. அதைப் பாத்துக்கிட்டு எட்டு வயசுப் பொண்ணு ஸ்கூலுக்குப் போகாம வீட்ல கெடக்குது. இங்க ஒரு தொட்டில் போடக் கூடாதா?"

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்த்தால் நல்ல மனுஷர்தான்.

"நாப்பத்தொம்பதுக்குச் சட்டத்துல இடமில்லையேம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப நாங்க நாப்பத்தொம்பது பேரு பெத்தது குழந்தை இல்லையா சார்? ஐம்பதாவது ஒருத்தி வந்தாத்தான் எங்க குழந்தைங்களுக்குப் பசிக்குமா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார் முதலாளி, குரலை உயர்த்தாமல். ஆபீசர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சட்டத்தை மீறி நான் எதுவும் பண்ணலியே சார்."

கடுகு நேராகப் போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்து ஆபீசர் முன்னால் வைத்தாள்.

"தலையை எண்ணினதெல்லாம் சரி சார். இதையும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க."

காலர்க்காரி அவளை முறைத்தாள். ஒருத்தியின் பிழைப்பில் மண் விழுந்து நிற்கும்போதுகூட இவளுக்கு முதலாளியின் பேப்பர் சுத்தமாக இருக்க வேண்டும். இவளும் ஒரு மனுஷியா?

பக்கம் புரட்டிய ஆபீசரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஐம்பது பேர் இருக்கே சார்."

"எழுதறப்போ தப்பாகியிருக்கும்" என்றார் முதலாளி.

"தப்பு இல்ல. நேத்துத் தேதியில ஒருத்தர் சேந்திருக்காங்க. தையல் தொழிலாளின்னு போட்டிருக்கு. அவங்களே எழுதிக் குடுத்த லெட்டரும் இருக்கு. கீழ உங்க கையெழுத்து."

காலையில் மேஜைக்கு வரும் காகிதக் கட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் முதலாளிக்குக் கிடையாது. இப்போதுதான் லெட்டரைப் பிடுங்கிப் படித்தார். முகம் சுண்டிவிட்டது.

"ஸ்டாஃப் வேலையை விட்டு இறங்கறதா? சம்பளம் பாதியாயிடும், பென்ஷன் கிடையாது... புத்தி இருக்கறவ எவளாவது இப்படி எழுதிக் குடுப்பாளா?"

ஆபீசர் தன் நோட்டில் ஒன்றை அடித்து வேறொன்றை எழுதினார். "மூணு மாசத்துக்குள்ள காப்பகம் இருக்கணும் சார். இனிமே இங்கேருந்து யாரை அனுப்பினாலும் எனக்குக் காரணம் எழுதணும். இதோ நிக்கிற இந்தப் பொண்ணையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவர்கள் பேசியதில் காலர்க்காரிக்குப் பாதிதான் புரிந்தது. வேலை போகவில்லை என்று மட்டும் தெரிந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கழுத்திலிருந்த ஸ்டாஃப் அட்டையைக் காணோம். குரல் மட்டும் அதே பழைய குரல்.

"என்ன வேடிக்கை? நகந்து உட்காருடி. ஐம்பதாவது ஆளு உட்கார இடம் வேணாமா?"