பச்சைக்கு மாறிய பெட்டி

சின்னவள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஷெட்டிலிருந்து வெளியே வந்ததைப் பெரியவள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

ஒரே வீட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வாழும் ஓரகத்திகள். பேச்சுவார்த்தை நின்று பல மாதம் ஆகிறது. பெரியவள் இன்குபேட்டர் வைத்துக் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறாள். சின்னவள் தையல்காரி. குஞ்சுகளின் தூவி பறந்துபோய், தைத்து வைத்த கறுப்பு வெல்வெட் கவுனில் ஒட்டிக்கொண்டதில் ஆரம்பித்த சண்டை. இந்தக் குஞ்சுகள் ஒழிந்தால்தான் நிம்மதி என்று சின்னவள் தெருவுக்கே கேட்கச் சொல்லியிருந்தாள்.

ஷெட்டில் ஆளுக்கொரு ஜெனரேட்டர். மின்னல் அடிக்கும்போது லைனில் எகிறி வரும் மின்சாரத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு சர்ஜ் பெட்டி. உள்ளே கழட்டி மாட்டுகிற ஒரு கார்ட்ரிட்ஜ். நன்றாக இருந்தால் பச்சை, அடி வாங்கிச் செத்துவிட்டால் சிவப்பு.

முந்தின நாள் மின்னலில் பெரியவளுடையது சிவப்பாகிவிட்டது. புதுசு வர இரண்டு நாளாகும் என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். முட்டைகளோ பொரிகிற நேரம். இன்னொரு மின்னலில் ஜெனரேட்டரும் போய், கரண்டும் போனால், சூடு இல்லாமல் அத்தனை குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். பெரியவள் வாசலில் நின்று புலம்பித் தீர்த்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்துச் சின்னவளுக்கு ஷெட்டில் என்ன வேலை?

பெரியவள் பதறிப்போய் ஓடித் தன் பெட்டியைப் பார்த்தாள். பச்சை.

பெரியவளுக்குத் தலையே சுற்றியது. கணவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தானாகச் சரியாகியிருக்கும் என்றார்.

"அப்ப அவ எதுக்கு வந்தா?"

"கெடுக்க வந்து, தெரியாம சரி பண்ணிட்டுப் போயிருப்பா."

அன்று சாயங்காலமே மறுபடி இடி, மின்னல். கரண்ட் போனது. பெரியவளின் ஜெனரேட்டர் சமர்த்தாக ஓடியது. சின்னவளுடையது கருகி நாறியது.

அவள் நினைத்த கெடுதல் அவளுக்கே திரும்பிவிட்டது என்று பெரியவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும் எங்கேயோ கணக்கு உதைத்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் புது கார்ட்ரிட்ஜோடு வந்தார். பெரியவளின் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதற்குள் மாற்றியாயிற்றா என்று கேட்டார். அதுவாகவே பச்சையாகிவிட்டது என்றாள்.

"சிவப்பானா ஆனதுதான்க்கா. திரும்பாது."

சின்னவள் தன் பெட்டிக்குத் துணியில் உறை தைத்து மாட்டியிருந்தாள். அதைத் தூக்கிப் பார்த்தவர், அவரும் சேர்ந்து குழம்பினார்.

"இங்க சிவப்பு. நேத்து அடி வாங்கிச் செத்திருந்தா ஜெனரேட்டரைக் காப்பாத்தியிருக்கும். இது அதுக்கு முன்னாடியே செத்தது. செத்ததை யாராவது தெரிஞ்சே மாட்டுவாங்களா?"

பெரியவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. நேரே சின்னவளின் தையல் மெஷின் முன்னால் போய் நின்றாள்.

"உன்னோடதைக் கழட்டி எனக்கு மாட்டினியாடி? குஞ்சுங்க ஒழியணும்னு சொன்னவதானே நீ?"

ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்த சின்னவள் நிமிரவில்லை.

"இப்பவும் சொல்றேன்க்கா. வெளிய வந்து தூவி பறக்கவிட்டா மறுபடியும் திட்டத்தான் போறேன். அதுக்காக, ஓட்டுக்குள்ளயிருந்து கத்திக்கிட்டிருக்கிறதைச் சாகவா விட முடியும்?"