வெறும் வார்னிங்தான்

"சார், வார்னிங்கை ஆன் பண்ணுங்க."

ப்ரோகிராம்களைச் சோதிக்கும் டெஸ்டராகச் சேர்ந்த அன்றே, அவற்றை எழுதும் சீஃபிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டேன்.

"அணைச்சு வெச்சாதாம்மா திரை சுத்தமா இருக்கும். எரர் வந்தா மட்டும் சொல்லு."

நானே ஆன் செய்தேன். ப்ரோகிராமில் தப்பு இருக்கலாம் என்று எச்சரிக்கும் மஞ்சள் வரிகள் திரையில் கொட்டின.

"பார்த்தியா? நீ வர்ற வரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்லை!"

கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு முகப்பரு போய்விட்டது என்கிற மகான்.

"நீங்க எழுதின வரிதான் சார். ரெண்டு பெயர் வெச்சு, ரெண்டும் மெமரி முகவரியை வெச்சுக்கிற பாயின்டர்னு நினைச்சு ஒரே ஸ்டார் குறி போட்டிருக்கீங்க. அந்தக் குறி முதல் பெயருக்கு மட்டும்தான் சேரும். ரெண்டாவது வெறும் நம்பர். மெமரி முகவரி அதுல அடங்காது, பாதி வெட்டுப்படும். அப்புறம் ப்ரோகிராம் எங்கே போய் எழுதும்னு கடவுளுக்கே தெரியாது."

"உங்க வீட்லயே காலேஜ் வாசலை முதல்ல மிதிச்சவ நீ. எனக்கே பாடமா? நாளைக்கு இந்த ப்ரோகிராம் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் போகணும். சோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போடு, இல்லேன்னா வேலை கிடையாது."

அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன்.

"நீங்களே போட்டுக்குங்க."

கூசாமல் போட்டார். "எல்லாம் வெறும் வார்னிங்தான்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி, என் பின்னாலேயே வந்தார்.

வெளியே எங்கள் ஆபீஸ் லிஃப்ட் திறந்து நின்றது. அந்த ப்ரோகிராமைச் சோதனைக்காக அன்று காலையில்தான் அதில் ஏற்றியிருந்தோம்.

"ஏறுங்க சார். ஒன்பது மாடி."

ஒரு கணம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்று படிப்பக்கம் திரும்பினார்.

"நானும் படிதான் சார். கையெழுத்து மட்டும் உங்களது."

அவரைத் தாண்டி இறங்கினேன்.