கடைசி சீட்டுப் பயணி

"விடிஞ்சும் விடியாம ஊத்திட்டு ஏறியிருக்கான் பாரு!"

சாந்தம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில், பஸ்ஸின் கடைசி சீட்டு ஓரத்தில், துண்டால் முக்காடு போட்டிருந்த பெரியவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மறுபடியும் வாந்தி எடுத்தார்.

ஏலப்பாறையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசல் வழியாக ஏறியவர். டிக்கெட் வாங்கும்போதுகூட முக்காட்டை விலக்கவில்லை. பீர்மேட்டுக்கு இன்னும் பாதி வழிக்கு மேல் இருந்தது.

மடியிலிருந்த தூக்குவாளியை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவருடைய வலது கால் தானாகக் கீழ்ப் பலகையை அழுத்தியது. பார்த்தவர்களுக்கு அதுவும் போதையாகத்தான் பட்டது.

அடுத்த வளைவில் தலையை வெளியே நீட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சாந்தம்மாளின் அரிசிப் பையும் சேலைக் கரையும் நனைந்துபோயின.

"கண்டக்டரே! ஒண்ணு இந்தக் குடிகாரனை எறக்கி விடும். இல்லாட்டி நாங்க எறங்குதோம்."

"ஆமா, எறக்கி விடுங்க!" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

கண்டக்டர் சுவக்கீன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விசிலை ஊதினான். பஸ் குலுங்கி நின்றது.

"எறங்கு பெருசு. அடுத்த பஸ்ஸுல வா."

"பீர்மேடு ஆஸ்பத்திரிக்குப் போறேன் தம்பி. வீட்டுக்காரி படுத்திருக்கா. கஞ்சி கொண்டு போறேன்."

"குடிச்சவன் எல்லாம் இப்படி ஒரு கதை வச்சிருக்கான். எறங்கு."

"நான் குடிக்கலை தம்பி" என்று ஆரம்பித்தவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். மூடுபனிக்குள் தேயிலைச் சரிவும், ரோட்டோரம் ஒரு சின்னப் பாலமும் தெரிந்தன. அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கம்பியைத் தடவிப் பிடித்து, இறங்கினார்.

வண்டி நின்ற சாக்கில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் சின்னமுத்துவும் இறங்கியிருந்தான். பின்வாசல் பக்கம் திரும்பியவன் கையிலிருந்த வாளியை அப்படியே கீழே வைத்தான்.

"ஆசானே! நீங்களா?"

பெரியவர் குருசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னமுத்துவின் கண்ணில் படக்கூடாது என்றுதான் பின்வாசலில் ஏறியதும், முக்காடு போட்டதும்.

சின்னமுத்து பஸ்ஸைப் பார்த்துக் கத்தினான். "யாரைக் குடிகாரன்னீங்க? பதினெட்டு வருசம் இந்த லைன்ல பஸ் ஓட்டுனவரு இவரு! ஒரு சொட்டுத் தொட்டதில்ல. ஏலே சுவக்கீனு, நீ பொறக்கதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் பிடிச்ச மனுசன்லே!"

குருசாமிக்குக் கண் மங்கி, ஸ்டியரிங்கை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. ஆனால் வண்டி ஓட்டியே பழகிய உடம்பு, வண்டியில் சும்மா உட்கார்ந்து வர மறுத்தது. ஜீப், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி, பஸ், எதில் ஏறினாலும் நாலு வளைவுக்குள் குடல் புரண்டு வந்தது.

அதனால் எங்கே போனாலும் நடந்தே போனார். இப்போது முழங்காலும் மறுத்துவிட்டது. மனைவி முத்துப்பேச்சி ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று நாளாகி, இன்றுதான் துணிந்து பஸ் ஏறியிருந்தார்.

சாந்தம்மாள் இறங்கி வந்தாள். அவரை நேராகப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியாமப் பேசிட்டேன் ஐயா, மன்னிச்சுக்கிடுங்க. முன்சீட்டுக்கு வாங்க, காத்து நல்லா வரும்."

சுவக்கீன் காது மடல் சிவக்க, தூக்குவாளியை வாங்கக் கை நீட்டினான்.

குருசாமி படியில் கால் வைக்கவில்லை. "நீங்க புறப்படுங்க. நான் மெள்ள நடந்து வாரேன்."

"ஆறேழு மைல் இருக்கு ஆசானே!" சின்னமுத்து குறுக்கே வந்து நின்றான். "எழுபத்திரண்டாம் வருசம் ஆடி மழையில எங்கப்பா கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுட்டு இந்த ரோட்டுலதான் நடந்து வந்தாரு. மறுநாள் கொழுந்து கிள்ள வந்தவங்க பொணமாத்தான் பாத்தாங்க. அப்ப நாதியத்து நின்னேன். நீங்களாத் தேடி வந்து, வண்டி பழக்கி, லைசென்ஸ் எடுத்துக் குடுத்தீங்க. உங்களை நடக்க விட்டுட்டு நான் எப்படி இந்த வண்டியை எடுப்பேன்?"

அவர் கையைப் பிடித்தான். குருசாமி உருவிக்கொள்ளப் பார்த்தார், அவன் விடவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஜன்னல் எட்டி, ஏதோ தெய்வத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சின்னமுத்துவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"உங்கப்பா பஸ்ஸைத் தவறவிடலைலே. வாந்தி எடுத்தாருன்னு நான்தான் அவரை இந்த எடத்துல எறக்கிவிட்டேன்."