அண்ணனுக்கு ஒரு மணி

கோயில் பக்கமே வராதவனுக்குச் சாவுமணி அடிக்க முடியாது என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். சினிமாவுக்கு ஒலி செய்யும் ஜெசிந்தா, அண்ணனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கீபோர்டை வைத்தாள். ஸ்பீக்கரைத் தெருவுக்குத் திருப்பினாள். கீபோர்டில் ஓர் ஒலியலையைக்கொண்டு இன்னோர் ஒலியலையை உலுக்கினாள். முதலில் சைக்கிள் மணிதான் வந்தது. இரண்டின் சுருதியையும் ஒன்றோடொன்று பொருந்தாதபடி கொஞ்சம் விலக்கியதும் ஓசையில் வெண்கலம் கனத்தது. கோயில் மணியின் விரிசல் ஓசையைக்கூட விடவில்லை. கட்டையை அழுத்தினாள். தெருவே சிலுவை போட்டுக்கொண்டது.

சாமியார் ஓடிவந்தார். “யாரக் கேட்டும்மா அடிக்கிற? நிறுத்து.”

“உங்க மணிய நான் தொடவே இல்லையே, சாமி.”

கோயில் மணியின் ஓசை தானாகத் தேய்ந்துவிடும். இதை, விரலை எடுத்தால் மட்டுமே நிற்கும்படி செய்திருந்தாள். பெட்டியைத் தூக்கினார்கள். அது தெருமுனையில் திரும்பி மறைந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.