ஓரத்தில் எழுதிய இங்கிலீஷ்

“அண்ணாச்சி, ‘லாங்-விண்டட்’னு எழுதிருக்கியளே, அப்படின்னா என்ன?”

கையில் நாலு பக்கக் கடிதத்தோடு மண்டப வாசலில் நின்றவரைப் பார்த்ததும், ஓய்வூதியர் சங்கச் செயலாளர் பெருமாள்ராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஆண்டு விழாவில் ஐந்தே நிமிடம் பேச வாய்ப்பு கேட்டு, உவரியிலிருந்து புது உறுப்பினர் அருளப்பன் அனுப்பிய கடிதம். ஐந்து நிமிடம் கேட்பதற்கே நாலு பக்கமா! இந்த ஆள் மைக்கைப் பிடித்தால் மத்தியானச் சொதிச் சாப்பாடு மறுநாள் பழையதாகிவிடும். கடிதம் தமிழில் இருந்த தைரியத்தில் பெருமாள்ராஜ், வளவளவென்று பேசுகிறவர் என்பதை ஓரத்தில் இங்கிலீஷில் கிறுக்கிப் பெயரை அடித்துவிட்டார். அதையே எந்தப் புண்ணியவானோ அழைப்பிதழோடு உறையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறான்!

தப்பிக்க வேறு அர்த்தம் ஏதாவது கிடைக்குமா என்று பெருமாள்ராஜ் செல்போனில் தேடினார். இரண்டு அர்த்தம் வந்தது. இரண்டாவதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

“அது வந்து… ரொம்பப் பழைய வார்த்தை. நீண்ட மூச்சுக்காரர்னு அர்த்தம். எம்புட்டு ஓடுனாலும் மூச்சு வாங்காத ஆளை, நானூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்லுவானாம்.”

“அப்படிப் போடுங்க!” அருளப்பன் ஓரடி துள்ளிவிட்டார். “எங்கப்பா சங்கு குளிச்சவரு. முங்குனாருன்னா, கரையில ஒரு செபமாலையே சொல்லி முடிச்சிரலாம். அந்த மூச்சு எனக்கும் இருக்குன்னு கடுதாசியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டியளே!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பொருளாளர் தனலட்சுமி கைதட்டினார்.

“இம்புட்டுப் பெரிய பட்டத்தக் குடுத்துட்டு, பேர ஏன் அடிச்சிய? வேற அர்த்தம் எதும் இருக்கோ?”

“சேச்சே! பேனா வழுக்கிட்டு. நீங்கதான் முதல்ல பேசுதிய!”

ஐந்து நிமிடம் ஐம்பதாயிற்று. சமையல்காரர் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது தடவை கரண்டியோடு உட்கார்ந்தே விட்டார். கூட்டம் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தது.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த கல்லூரி முதல்வர் ஜாய்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமாள்ராஜ் பக்கம் சாய்ந்தார்.

“எங்க சாரை எப்படிப் பிடிச்சிய அண்ணாச்சி? முப்பது வருஷம் இங்கிலீஷ் புரொபசர். ஒவ்வொரு வார்த்தையும் எங்கன பிறந்து எப்படி வளந்துச்சுன்னு நடத்துவாரு. எவனாவது பாதி அர்த்தம் மட்டும் சொன்னா, ஒண்ணுமே தெரியாத மாதிரி வாயப் பொளந்து கேட்டுக்கிட்டிருப்பாரு!”