'நான்' என்று சொல்பவள்
விசாரணை அறைக்குள் நுழையும்முன் மேலாளர் குலசேகரன் குனிந்து, "நான் இங்கிலீஷ்ல சொல்றத அப்படியே ஜப்பானீஸ்ல சொல்லிடுங்கம்மா, போதும்" என்றார். வினோதினியின் வேலையே அதுதான். யாருக்காக மொழிபெயர்த்தாலும் அவராகவே மாறி, 'நான்' என்றுதான் பேசுவாள். 'அவர் சொல்கிறார்' என்பது அந்தத் தொழிலில் கிடையாது. தொழிற்சாலையின் பெயின்ட் அறைக்குள் இருவர் மூச்சுத் திணறிச் செத்ததை விசாரிக்க ஜப்பானிலிருந்து வந்திருந்தார் மொரிதா. அவர் கேட்டதை அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். குலசேகரன் சொன்னதை ஜப்பானிய மொழியில் சொன்னாள். "அன்று நான் பணியில் இருந்தேன்." "உள்ளே தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது." மொரிதா முதலில் குலசேகரனைப் பார்த்துத்தான் கேட்டார். போகப்போக அவளையே பார்த்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த குலசேகரனின் குரல் தணிந்துகொண்டே போனது.

"வெளியிலிருந்து கதவைப் பூட்டியது யார்?"

"நான்தான்."

மொரிதா பேனாவை மூடினார். அந்தக் கேள்வியைக் குலசேகரனிடம் ஆங்கிலத்தில் கேட்காமலே, தானே பதில் சொல்லிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று திரும்பினாள். பக்கத்து நாற்காலி, யாரும் உட்கார்ந்தே இராததுபோல், மேசைக்கு அடியில் தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

மொரிதா முதல்முறையாக ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் யாராவது வேண்டுமா?"